ருசி பார்க்காமல் அனுப்பிய லோடு

அடுத்த மாதம் நீங்கள் கம்பாலாவுக்கும் லுசாக்காவுக்கும் அக்ராவுக்கும் போகிறீர்கள். அங்கே புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டுவது உங்கள் வேலை. கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும்படி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். சரி, உட்காருங்கள். அந்த லேப்டாப்பை மட்டும் மூடிவிடுங்கள். சந்தை ஆய்வு, முதலீடு, திரையில் படம் போட்டுக் காட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு பெண்ணைப் பற்றி. சொல்லும்போது இடையிடையே தற்பெருமை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் உழைத்து ஓய்வு பெற்றவள் பெருமையடித்துக்கொள்ளக் கூடாதென்றால் வேறு யார்தான் அடித்துக்கொள்வது?

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐந்து இளம் தொழில்முனைவோர் நம் சென்னை அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி கிரேஸ். தான்சானியாவில் முவான்சா என்ற ஏரிக்கரை ஊர்க்காரி. வேர்க்கடலையை வறுத்து, உப்புப் போட்டு, வெண்ணெய் மாதிரி அரைத்து டப்பாவில் அடைத்து விற்பவள். ரோட்டோரத்தில் மேசை போட்டு ஆரம்பித்தவள், ஊர்ச் சந்தைக்காரர்களிடம் கேட்டு ஒரு சின்ன ஷெட்டை வாடகைக்கு எடுக்கும் அளவுக்கு வந்திருந்தாள். கூட ஒரே ஆள், தங்கை நீமா. கிரேஸ் நல்ல உயரம், நல்ல குரல். வகுப்பில் அவள் சிரித்தால் மாடிக்குக் கேட்கும்.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மதியம் என் மேசைக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் என் தமிழில் சொல்கிறேன்.

“மேடம், நான் ஊருக்குப் போகணும்.”

“என்ன ஆச்சு?”

விஷயம் இதுதான். அவள் ஊரில் ஒரு பெரிய விடுதிப் பள்ளி. பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சியில் கலந்து கொடுக்க கடலை வெண்ணெய் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளி திறக்கும் நாளுக்குள் முதல் லோடு வர வேண்டும், பிடித்துப்போனால் வருடம் முழுக்க வாங்கிக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைவிட நல்ல சேதி ஒரு புதுத் தொழிலுக்கு உண்டா? ஆனால் கிரேஸ் இந்தியாவுக்குக் கிளம்பும்போது ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள்! இன்னொரு சாவி அம்மாவிடம் இருந்தது, நல்ல வேளை. சந்தைக்காரர்களோ, ஷெட் பூட்டியே கிடந்தால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் முதல் லோடு போகாவிட்டால் பள்ளியும் போகும், ஷெட்டும் போகும். மறுபடி ரோட்டோர மேசைதான்.

“தங்கச்சி இருக்காளே, அவ அரைச்சு அனுப்பட்டுமே” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “மேடம், நான் நாக்குல வச்சுப் பார்க்காம ஒரு டப்பாகூட அந்த ஷெட்டை விட்டு வெளியே போனதில்லை. ஒரு டப்பாகூட.”

பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் பிரச்சினையே. பயிற்சியைப் பாதியில் விட்டுப் போனால் அவள் கற்றுக்கொள்ள வந்தது போய்விடும். போகாமல் இருந்தால் தொழில் போய்விடும். நம் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது எப்படி என்று ஒருவர் அவளுக்குத் தனி வகுப்பே எடுத்தார். கிரேஸ் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டாள், முடிந்ததும் என்னிடம் வந்து விமான டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கேட்டாள்.

நான் டிக்கெட் பற்றிப் பேசவில்லை. “பெட்டியைக் கட்டு, எங்க ஊருக்குப் போறோம்” என்றேன். கொஞ்ச நாள் அவள் வகுப்புக்கு வரமாட்டாள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்.

நான் திருத்தணிக்காரி. வேலையில் இருந்த காலமெல்லாம் மின்சார ரயிலில் போய் வந்து கொண்டிருந்தவள். அன்று கிரேஸையும் அதே ரயிலில் ஏற்றினேன். கூட்டத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவள் எல்லோரையும் பார்த்தாள். மணவூர் தாண்டும்போது ஜன்னல் வழியே கடலைக் கொல்லைகளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். “இங்கேயும் இருக்கா!” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் சீட்டுப் பூக்காரம்மா கையிலிருந்த சரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அவளை நான் கூட்டிப்போனது குருமூர்த்தியிடம். மலைக்கோயிலில் தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குச் சமைத்துவரும் குடும்பம் அவனுடையது. தொண்ணூறுகளில் அவன் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் விற்க ஆரம்பித்தான். சோற்றில் பிசைந்தால் புளியோதரை. ஆரம்பம் முதல் அவனோடு நான் இருந்தேன். அவனுக்கும் எனக்கும் நடந்த முதல் சண்டையே ருசி பார்ப்பது பற்றித்தான். கடைக்குப் போகிற சரக்கை வாயில் வைத்துப் பார்க்காமல் எப்படி அனுப்புவாய் என்று நான் கேட்க, அவன் எகிறிவிட்டான்.

“அக்கா, மொத பாட்டில் மேல சாமிக்குப் போவும். அப்பறம்தான் கடைக்கு. சாமிக்குப் போறதுக்கு முன்னாடி நாக்குல வெச்சா அது எச்சில். எச்சில் பண்ணதை எங்க வூட்டுப் பேரைப் போட்டு விக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்குதே உங்க நியாயம்!”

ருசி பார்க்காமல் சமைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அதைப் பிடுங்கினால் அவன் தொழிலில் ஒன்றும் மிஞ்சாது என்று புரிந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன். வருடக்கணக்கில் அவன் பாட்டில் திரும்பி வந்ததே இல்லை.

இதையெல்லாம் கிரேஸிடம் நான் விளக்கவில்லை. வாசலில் வைத்து ஒன்றே ஒன்று சொன்னேன். “எதையும் தொடாதே. பார், அவ்வளவுதான்.” தலையாட்டினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாட்கள் அவை. காவடிக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள், ஊரே மஞ்சளாக இருந்தது. கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாட்டில்களுக்காகக் குருமூர்த்தியும் அவன் மனைவி விசாலமும் காலையிலிருந்து அடுப்படியில் நின்றார்கள். பெரிய அண்டாவில் புளிக்காய்ச்சல் கொதித்துச் சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்துகொண்டிருந்தது. கிரேஸ் வாசற்படியில் நின்றாள். பிறகு ஒரு அடி உள்ளே வைத்தாள். பிறகு இன்னொரு அடி. நான் விசாலத்திடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். குருமூர்த்தி பாட்டில் எடுக்கத் திரும்பினான்.

விற்பதற்காகச் சமைக்கிற எவளும் செய்வதைத்தான் கிரேஸ் செய்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள்.

“ஐயய்யோ!” என்று விசாலம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

குருமூர்த்தி திரும்பினான். கிரேஸின் உள்ளங்கையைப் பார்த்தான், அவள் கையிலிருந்து அண்டாவுக்குள் மறுபடி இறங்கிவிட்டிருந்த கரண்டியைப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. போய் அடுப்பை அணைத்தான். பிறகு என் பக்கம் வந்தான்.

“இன்னாக்கா இது? கூட்டிகினு வர்றீங்க, சொல்லிக் கூட்டிகினு வரக் கூடாதா? நாளைக்குக் கடைக்காரன் வந்து நிப்பான், நான் இன்னா பதில் சொல்றது?”

கிரேஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நடந்தது தெரிந்துவிட்டது. பாவம், அந்த உயரமான பெண் அப்படியே சுருங்கிப்போய் நின்றாள். நான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனக்காக என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விதான், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“உப்பு, புளி, காரம் எல்லாம் சரியா இருக்கு மேடம். எனக்கு முன்னாடி யார் ருசி பார்த்தாங்க?”

குருமூர்த்தியிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “யாரும் பார்க்கலன்னுதானே இவ்ளோ நேரமா கத்திகினு இருக்கேன்! யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே இத்தனை கூத்து!”

அந்த அண்டாவிலிருந்து ஒரு பாட்டில்கூட விலைக்குப் போகவில்லை. தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். தெரு முழுக்க அன்று புளியோதரை. குருமூர்த்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

கிரேஸ் போக மாட்டேன் என்றாள். கெடுத்தது நான், கூட நின்று வேலை செய்துவிட்டுத்தான் போவேன் என்றாள். குருமூர்த்தி வேண்டவே வேண்டாம் என்றான். விசாலம்தான் சமாதானம் செய்தாள். “கொட்டாய்க்கு வெளியே உட்காந்து புளியில கொட்டை நார் எடுக்கட்டுமே. அதுவும் எவ்ளோ நேரம் நின்னுகினே இருக்கும்?”

அப்படித்தான் கிரேஸ் கொட்டகை வாசலுக்கு வெளியே உட்கார்ந்து புளி ஆய்ந்தாள். கை புளியில், கண் அடுப்பில், காது உள்ளே. கொஞ்ச நேரத்தில் என் முழங்கையைத் தொட்டாள்.

“அவங்க ரெண்டு பேரும் என்ன மேடம் பாட்டுப் பாடுறாங்க?”

பாட்டு இல்லை. எத்தனையோ தடவை கேட்டுப் பழகியதால் எனக்குக் காதில் விழாமலே போய்விட்டிருந்தது. குருமூர்த்தி ஒவ்வொரு சாமானாகப் போடப் போட, விசாலம் பேர் சொல்லிக் கேட்பாள். அவன் கையைப் பார்த்துவிட்டு அவளே பதிலும் சொல்வாள்.

“உப்பு? விழுந்துச்சு. பெருங்காயம்? விழுந்துச்சு. வெந்தயம்? இன்னும் இல்ல.”

எதற்கு என்று குருமூர்த்தியிடம் கேட்டேன். அடுப்பிலிருந்து கண் எடுக்காமல் சொன்னான்.

“உப்பு போட்டோமா போடலியான்னு ஒரு சந்தேகம் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க. மத்தவங்க நாக்குல வெச்சுத் தீத்துக்குவாங்க. எங்களால முடியாது. அதனால சந்தேகமே வரக் கூடாது. ஒருத்தர் போடணும், இன்னொருத்தர் பார்த்துச் சொல்லணும். போடுறவனே சொன்னா செல்லாது. மேல மடப்பள்ளியிலயும் எங்க நைனா அப்படித்தான், அவரு நைனாவும் அப்படித்தான்.”

இதை அப்படியே கிரேஸுக்குச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. இந்தக் கதையிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால் என்று ஆரம்பிக்கவும் இல்லை. உங்களுக்கு அந்த ஆசை வரும். வாயை மூடிக்கொள்ளுங்கள். தொழில் செய்கிறவளுக்கு மூளை உண்டு.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது கிரேஸ் புளிக்கறை படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் கேட்டேன், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல. “ஆமா, உன் கடலைக்கு உப்பு எவ்வளவு போடுவே?”

“ஒரு கை. அப்புறம் ருசி பார்த்து இன்னும் கொஞ்சம்.”

“யார் கை? உன் கையா, நீமா கையா?”

நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். “மேடம், எனக்கே தெரியாதே!” என்றாள். பயந்துபோன குரலில் சொன்னாள். அவளுடைய சரக்கின் அளவு அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் கடைசியில் நாக்கு சரிசெய்துகொண்டிருந்தது. அப்படியிருக்க நீமாவுக்கு எதைச் சொல்லிக்கொடுத்திருப்பாள்?

மறுநாள் காலை என்னை இழுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்குப் பஸ் ஏறினாள். டீக்கடையில் விசாரித்து, ஒரு விவசாயி வீட்டிலிருந்து உரித்த கடலையாக வாங்கி வந்தோம். அவள் முடிவு அது, நான் சொன்னதல்ல. உங்கள் சமையலறையில் அரைக்கப்போகிறேன், அரைத்து முடிக்கும்வரை நாக்கில் வைக்கமாட்டேன், அளவைக் கண்டுபிடித்து நீமாவுக்குப் போனில் சொல்லப்போகிறேன் என்றாள். பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. விசாலத்தைக் கேட்டேன். பண்டிகை வேலைக்கு நடுவிலும் மதியம் மதியம் வந்தாள்.

வந்தவளுக்கு விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அவள் கேட்டாள்: “ஏங்க்கா, தங்கச்சிக்கு நாக்கு இல்லியா இன்னா?”

நான் மொழிபெயர்த்தேன். கிரேஸ் வாணலியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு விசாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இருக்கு” என்றாள் கடைசியில். “நான்தான் அவகிட்ட கேட்டதில்லை.”

முதல் அரைப்பை வாயில் வைக்க முடியவில்லை. விசாலம் விழுந்துச்சு என்று சொன்ன பிறகும் பழக்கதோஷத்தில் கிரேஸின் கை இன்னொரு முறை உப்பு டப்பாவுக்குப் போய்விட்டது. அடுத்ததில் கடலை கருகிவிட்டது. அவள் ஊரில் வறுபட்டதா என்று ஒன்றைக் கடித்துப் பார்ப்பாளாம். இங்கே கடிக்கக் கூடாதே. கடித்துவிடப் போகிறாள் என்று விசாலம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, ஆனால் சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. மெல்ல மெல்ல ஒரு வழிக்கு வந்தது. கையில் தேய்த்து ஊதினால் தோல் பறந்துவிட வேண்டும், அதுதான் பதம். இத்தனை கடலைக்கு இந்த டம்ளரால் தலை தட்டி இவ்வளவு உப்பு. என் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க இட்லிக்கும் தோசைக்கும் கடலை வெண்ணெய்தான் தொட்டுக்கொண்டார், பாவம், மனிதர் வாயே திறக்கவில்லை.

கடைசியில் நன்றாக வந்ததைக் குருமூர்த்திக்குக் கொண்டுபோனோம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். யோசித்தான்.

“இன்னாக்கா, சட்னி அரைச்சிட்டுத் தாளிக்க மறந்துட்டீங்களா?”

கிரேஸ் விடுவாளா? அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவனுடைய பாட்டில் ஒன்றை எடுத்தாள். அதன் வாயில் ஒரு ஸ்பூனை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. எங்கள் அத்தனை பேரின் முன்னாலும் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து அடியில் தட்டினாள். அடியில் இருந்த புளிக்காய்ச்சல் இறங்கவே இல்லை. அவன் பழைய ஜூஸ் பாட்டில்களை வாங்கி அதில்தான் அடைத்துக்கொண்டிருந்தான். குருமூர்த்தி இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் எல்லாம் அகல வாய் பாட்டில். இத்தனை வருடம் அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லையே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

பஜாரில் ஒரு டெலிபோன் பூத். அங்கிருந்து கிரேஸ் ஊருக்குப் பேசினாள். சந்தையில் பக்கத்துக் கடைக்காரரின் போனில் நீமா வந்தாள். அளவு, பதம் எல்லாவற்றையும் கிரேஸ் சொன்னாள். உன் கடலை வேறு, முதலில் கொஞ்சமாகச் செய்து பார், உப்பை நீ போடு, அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்லச் சொல் என்றாளாம். அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. ஷெட்டைத் திறந்துவிட்டார்கள்.

பள்ளிக்கு லோடு போக வேண்டிய நாளும் வந்தது. இங்கே ஆடிக் கிருத்திகைக் கூட்டம். பஜாரில் காவடிக்குப் பின்னால் காவடி, பம்பைச் சத்தம், அரோகராச் சத்தம். பூத்துக்குள் நானும் கிரேஸும் நெருக்கிக்கொண்டு நின்றோம். ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பள்ளி வண்டி வந்து நின்றுவிட்டது. நீமா படபடவென்று பேசினாள். கிரேஸின் முகம் வெளிறியது.

“என்ன?” என்றேன்.

“எல்லாம் அளவுப்படிதான் போட்டாளாம். ஆனா உப்பு ஒரு பொட்டு குறையோன்னு அவளுக்குத் தோணுதாம். போடட்டுமா, வேணாமா, நீ சொல்லு, நீ சொன்னாத்தான் ஏத்துவேன்னு நிக்கிறா.” ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். “மேடம், நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிடுங்க. ப்ளீஸ்.”

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. யாராவது அவரிடம், சார் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால், இதோ தண்ணி குடிச்சிட்டு வரேன் என்று எழுந்து போய்விடுவார். வர நெடுநேரம் ஆகும். அதற்குள் கேட்டவன் தானாக ஒரு முடிவு எடுத்திருப்பான். பல வருடம் எனக்கு அவர்மேல் எரிச்சல். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “நான் சொன்னா அது என் முடிவாயிடும்மா. நாளைக்கு நான் இல்லாதப்ப அவன் யாரைக் கேப்பான்?” என்றார்.

என் வாயில் பதில் இருந்தது. அனுப்பச் சொல், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தப்பாகப் போயிருந்தால் என்னைத் திட்டிவிட்டு ஆறியிருப்பாள். ஆனால் ஷெட் அவளுடையது, பள்ளி அவளுடையது, போனால் போனதுதான். கதவைத் திறந்துகொண்டு பூத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். என் வேலையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் எது என்று கேட்டால் அந்தக் கதவைச் சாத்தியதைத்தான் சொல்வேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிரேஸ் என்னை ஒருமுறை முறைத்தாள். சாதாரண முறைப்பு இல்லை. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டாள். எங்களைத் தாண்டி ஒரு பூக்காவடி போனது. அவள் வாய் அசைவது தெரிந்தது, பிறகு நின்றது. அந்தப் பக்கமிருந்து யாரும் பேசாதபோது மனிதர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், போனை வைத்தாள்.

வெளியே வந்தவளிடம் நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். “நாக்கு உன்கிட்டதான் இருக்கு நீமா, என்கிட்ட கேக்காதேன்னு சொன்னேன். அப்புறம், சரி ஏத்துறேன்னா. அனுப்புன்னேன்.”

“உப்பு போட்டாளா?”

“கேக்கலை மேடம்.” மூச்சை இழுத்து விட்டாள். “கேட்டா மறுபடி நான்தான் முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்.”

அந்தப் பெண்ணை அங்கேயே, அந்தக் கூட்டத்தில், கட்டிக்கொண்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. நம் அலுவலகத்தில் எடுத்த வகுப்புகளில் எதிலும் இது இல்லை, நானும் சொல்லித்தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு காத்திருப்பு. சேதி வரவில்லை. பள்ளி என்ன சொன்னது, பிள்ளைகள் சாப்பிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. போன் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் எடுக்கவில்லை. கிரேஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்ப ரோட்டோர மேசைதான் மேடம், அதற்கும் தயாராகிவிட்டேன் என்று ஒருநாள் சொன்னாள். சொன்ன பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டாள். தவறாகவும் போகலாம். வெளியே வந்து கதவைச் சாத்தினால் நல்லதுதான் நடக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த நாட்களில், பூத்துக்குள்ளேயே நின்றிருக்கலாமோ என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருவிழாக் கூட்டம் வடிந்த ஒரு காலையில் பூத்துக்குப் போனோம். இந்தத் தடவை நீமாவே எடுத்தாள். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கிரேஸ் கத்த ஆரம்பித்தாள். அவள் மொழியில், மாடிக்குக் கேட்கும் அந்தக் குரலில். பஜாரே திரும்பிப் பார்த்தது. போச்சு, பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டது, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். கத்திக்கொண்டிருந்தவள் நடுவில் சட்டென்று நிறுத்தினாள். கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத மாதிரி உடம்பு குலுங்கியது.

“சொல்லுடி!” என்றேன் தமிழிலேயே.

“பள்ளிக்கூடத்துக்குப் பிடிச்சுப்போச்சு. வருஷம் பூரா கேட்டிருக்காங்க. ரெண்டாவது லோடு நேத்தே போயிடுச்சு மேடம். என்னைக் கேக்காமலே! ஏன்டி கூப்பிடலைன்னு கத்தினேன். மறந்துட்டேன்க்கா, வேலையா இருந்தேன்னு சொல்றா.”

சொல்லிவிட்டு மறுபடி முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது. எத்தனையோ பேரின் தொழில் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருத்தியின் தொழில் அவளுடைய கையை விட்டு எழுந்து தானாக நடந்ததை அன்றுதான் பார்த்தேன். நீங்கள் போகிற ஊரிலும் என்றாவது ஒருநாள் ஒரு பிள்ளை உங்களைக் கேட்காமல் ஒரு முடிவெடுப்பான். முதலில் சுருக்கென்று இருக்கும். அன்று ஒரு இனிப்பு வாங்கிச் சாப்பிடுங்கள்.

பூத்துக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், இத்தனை நாளாக அவளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்.

“இன்னாக்கா, ஊர்ல ஏதாச்சும் கெட்ட சேதியா?”

“இல்லப்பா. இந்தப் பொண்ணு இல்லாமலே இவ தொழில் ஓடுதாம்.”

“அட, அதுக்கா அழுவுது?”

“ஆங், அதுக்குத்தான்” என்றேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.